ஜார்ஜியாவில் ‘மாமா’ என்றால் தந்தை: நம் மாமாவுக்கும் அந்தச் சொல்லுக்கும் உறவு உண்டா?

ஜார்ஜியா நாட்டின் தலைநகரான திபிலிசியில் மருத்துவம் படிக்கும் தங்கள் மகள், தான் தங்கியிருக்கும் வீட்டின் சிறுவன் தன் தந்தையை ‘மாமா’ என்று கூப்பிடுவதைக் கேட்டுத் திகைத்ததாகவும், தாயை அங்கே ‘தெதா’ என்கிறார்கள் என்று பிறகு அறிந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இச்சொல் தமிழிலிருந்து அங்கே போனதா, இல்லை இரண்டும் ஒரே மூலத்தில் பிறந்தவையா என்று கேட்கிறீர்கள். இக்கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பொதிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. தொடர்பில்லாத மொழிகளில் ஒலி ஏன் இவ்வளவு ஒத்திருக்கிறது என்பது ஒன்று. ஒலி ஒத்திருந்தும் ஓரிடத்தில் தாய், ஓரிடத்தில் தந்தை, ஓரிடத்தில் தாயின் உடன்பிறந்தவர் என்று பொருள் ஏன் சிதறுகிறது என்பது மற்றொன்று. வரலாற்று மொழியியலைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், முதல் கேள்விக்கு உறுதியாகவே விடை சொல்ல முடியும். இரண்டாவதில் தமிழைப் பற்றிய பகுதியைத் தெளிவாகச் சொல்லலாம். ஜார்ஜியத்தைப் பற்றிய பகுதியில் ஊகத்துக்கு மேல் செல்வதற்கில்லை.

தங்கள் மகள் கேட்டது பிழையில்லை. ஜார்ஜிய மொழியில் தந்தைக்குரிய இயல்பான சொல் அதுதான். அம்மொழியில் குறில் நெடில் வேறுபாடு இல்லாததால், நம் காதுக்கு அது ‘மம’ என்பதற்கும் ‘மாமா’ என்பதற்கும் இடைப்பட்டதாக ஒலிக்கும். இது செல்லமாக அழைப்பதற்கு மட்டும் உரிய சொல்லும் அன்று. கிறித்தவ மன்றாட்டு அங்கே ‘மமாவோ ச்வேனோ’, அதாவது ‘எங்கள் தந்தையே’ என்றுதான் தொடங்குகிறது. சேவலுக்கு ‘மமலி’, மூதாதையர் வழி வந்த நிலத்துக்கு ‘மமுலி’ என்று இச்சொல்லிலிருந்து வேறு சொற்களும் கிளைத்திருக்கின்றன. மறுபக்கம் ‘தெதா’விலிருந்து தாய்மொழிக்கு ‘தெதா எனா’, தலைநகருக்கு ‘தெதாகலாகி’, பூமிக்கு ‘தெதாமித்சா’ என்னும் சொற்கள் பிறந்துள்ளன. ஜார்ஜியம் கார்த்வேலியம் எனப்படும் சிறிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் மிங்க்ரேலிய மொழியில் தந்தை ‘முமா’, தாய் ‘திதா’. மலைப்பகுதி மொழியான ஸ்வானில் ‘மு’, ‘தி’. உறவு மொழிகளிலெல்லாம் ஒரே அமைப்பு காணப்படுவதால், அவை பிரிவதற்கு முன்பே, எழுத்து வழக்குக்கு நெடுங்காலம் முந்தியே, இச்சொற்கள் அங்கே வேரூன்றியிருந்தன என்று கொள்ளலாம். தமிழ் வணிகரோ வேறு பயணியரோ கொண்டுபோய்க் கொடுத்த சொல்லாக இதைக் கருத இடமில்லை.

இனி உலகின் பிற பகுதிகளைப் பாருங்கள். சீனத்தில் ‘மாமா’ தாய். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலியிலும் ‘மாமா’ தாய்தான். இந்தியில் ‘மாமா’ தாயின் உடன்பிறந்தவர். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதிப் பாலைநிலத்தில் பேசப்படும் பிட்ஜன்ஜட்ஜாரா மொழியிலோ ஜார்ஜியத்தைப் போலவே ‘மமா’ தந்தை. இவற்றை ஒரே குடும்பத்துக்குள் அடக்க எந்தச் சான்றும் இல்லை. சொல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பயணம் செய்தது என்று விளக்குவதானால், ஆஸ்திரேலியப் பாலைக்கும் காக்கசஸ் மலைக்கும் இடையே பாதை போட வேண்டியிருக்கும். உண்மையான விளக்கம் பாதைகளில் இல்லை. ஒவ்வொரு வீட்டின் தொட்டிலிலும் இருக்கிறது.

தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதற்கு நல்ல தொடக்கமாக அமைகிறது. ‘இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்’ என்றும், ‘அ ஆ ஆயிரண்டு அங்காந்து இயலும்’ என்றும் அது சொல்கிறது. இதழ்களை மூடுவது மகரம். வாயை முழுக்கத் திறப்பது அகரம். பேச்சுறுப்புகள் செய்யக்கூடிய மிக எளிய செயல்கள் இவ்விரண்டுதாம். நாவின் நுனியையோ பின்பகுதியையோ நுட்பமாக ஆளக் கற்பதற்கு முன்பே குழந்தையால் மூடித் திறக்க முடியும். ஏறத்தாழ ஆறாம் மாதத்திலிருந்து பத்தாம் மாதத்துக்குள் குழந்தைகள் ‘மமம’, ‘பபப’, ‘ததத’ என்று அசைகளை அடுக்கத் தொடங்குகின்றன. அந்த அசைகளுக்கு அப்போது பொருள் எதுவும் இல்லை. அருகில் நிற்கும் பெரியவர்கள், தங்களைத்தான் குழந்தை அழைக்கிறது என்று மகிழ்ந்து, அவ்வசைக்கு ஒரு பொருளைச் சூட்டி, அதையே குழந்தைக்குத் திருப்பிச் சொல்கிறார்கள். என் பேத்தி எட்டாம் மாதத்தில் ‘தாத்தத்தா’ என்றபோது, இந்தப் பாடத்தை முப்பது ஆண்டுகள் நடத்திய நானும் என்னைத்தான் அழைக்கிறாள் என்றே உருகினேன்.

மானிடவியலாளர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக், பெற்றோரைக் குறிக்கும் 1072 சொற்களைப் பல மொழிகளிலிருந்து திரட்டினார். தாய்க்குரியவை 531, தந்தைக்குரியவை 541. அத்தொகுப்பை வைத்து மொழியியலாளர் ரோமன் யாகோப்சன் 1960இல் வெளியான கட்டுரை ஒன்றில் இந்த ஒற்றுமைக்குக் காரணம் தேடினார். தாயைக் குறிக்கும் சொற்களில் நூற்றுக்கு 55 மூக்கொலி கொண்டவை. தந்தையைக் குறிப்பவற்றில் 15 மட்டுமே. யாகோப்சன் தந்த விளக்கம் இது: பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருப்பதால், அது எழுப்பக்கூடிய ஒலி மூக்கின் வழியே வரும் முனகல் ஒன்றுதான். பிறகு உணவைக் கண்டாலோ வேண்டினாலோ குழந்தை அதே முனகலை எழுப்புகிறது. அது மெல்ல உணவுக்கும், உணவு தருபவளுக்கும் பெயராகிறது.

இதை அயல்நாட்டு ஊகம் என்று ஒதுக்கிவிடாமல் இருக்க நம்மிடமே சான்று உண்டு. பெரியாழ்வார் யசோதையாக நின்று கண்ணனைப் பால் குடிக்க எழுப்பும்போது ‘அரவணையாய் ஆயரேறே அம்மம் உண்ணத் துயிலெழாயே’ என்று பாடுகிறார். அம்மம் என்பது குழந்தைமொழியில் தாய்ப்பால். இன்றும் பல வீடுகளில் குழந்தைக்குச் சோறூட்டும்போது ‘மம்மு’ என்கிறோம். ஜப்பானியக் குழந்தைமொழியில் உணவு ‘மம்மா’. இலத்தீனில் ‘மம்மா’ என்பதற்கு முலை, தாய் என இரு பொருளும் உண்டு. பாலூட்டிகளுக்கு 1758இல் லின்னேயஸ் வைத்த பெயர் அதிலிருந்தே வந்தது. அம்மத்துக்கும் அம்மாவுக்கும் இடையே உள்ள இந்த நெருக்கம் எனக்கு என்றும் வியப்பைத் தருவது.

ஆனால் 55 என்பது நூறு அன்று. மூக்கொலி தாய்க்குப் போவது பெரும்போக்குதானே தவிர, விலக்கில்லாத விதியன்று. ததத, பபப ஆகியவற்றில் எதை யாருக்குச் சூட்டுவது என்பது அந்தந்தச் சமூகத்தின் கையில் இருக்கிறது. தமிழில் தாத்தா பாட்டனார். சிங்களத்தில் அதே ‘தாத்தா’ தந்தை. தமிழில் பழைய வழக்கில் அத்தன் தந்தை, தமிழ் முஸ்லிம்கள் பலர் இன்றும் தந்தையை அத்தா என்றே அழைக்கிறார்கள். அத்தை தந்தையின் உடன்பிறந்தாள். பழைய ஜெர்மானிய மொழியான கோதியத்தின் நான்காம் நூற்றாண்டு விவிலியத்தில், ‘எங்கள் தந்தையே’ என்னும் அதே மன்றாட்டு ‘அத்தா உன்சர்’ என்று தொடங்குகிறது. துருக்கியில் ‘அத்தா’ தந்தையும் மூதாதையும். பாஸ்க் மொழியில் தந்தை ‘அய்தா’. ஆகவே ஜார்ஜியர் மமவைத் தந்தைக்கும் தெதாவைத் தாய்க்கும் கொடுத்தது அரிதான தேர்வுதான் என்றாலும், இயற்கைக்கு மாறானதன்று. ஏன் அப்படிக் கொடுத்தார்கள் என்பதற்குச் சான்றோடு கூடிய விடை எவராலும் தரப்படவில்லை. எழுத்துக்கு எட்டாத காலத்தில் நடந்த தேர்வு அது; அதற்குக் காரணம் கற்பிப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஜப்பானியத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ஒரு சொல்லின் இன்றைய தோற்றத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் உள்ள ஆபத்தை இதைவிட அழகாகக் காட்டும் சான்று வேறில்லை. இன்று ஜப்பானியத்தில் தாய் ‘ஹஹ’, தந்தை ‘சிசி’. இதழொலியே இல்லாத இச்சொற்கள் நாம் பார்த்த போக்குக்குப் புறம்பானவை போலத் தோன்றும். ஆனால் 1516ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு விடுகதைத் தொகுப்பில் ‘தாயை இருமுறை சந்திப்பேன், தந்தையை ஒருமுறையும் சந்திக்க மாட்டேன், நான் யார்?’ என்று ஒரு விடுகதை இருக்கிறது. விடை: உதடு. தாய் என்னும் சொல்லைச் சொன்னால் அன்று உதடுகள் இருமுறை நெருங்கின. ஏனென்றால் இன்றைய ஹகரம் அக்காலத்தில் உதடுகளைக் குவித்துச் சொல்லும் ஓர் ஒலி. அதற்கும் முன்னே அது பகரம். அதாவது, பண்டை ஜப்பானியர் தாயை அழைத்த சொல் ‘பப’! ஆங்கிலத்தில் தந்தையைக் குறிக்கும் அசை அங்கே தாயைக் குறித்தது. நம் பக்கத்துக் கன்னடத்திலும் பகரம் இப்படி ஹகரமாயிற்று என்பது தங்களுக்கு நினைவு வரலாம்; அது ஜப்பானியத்தோடு தொடர்பில்லாமல் தனியே நடந்த மாற்றம்.

இப்போது நம் மாமாவுக்கு வருகிறேன். தமிழ் மாமனின் பொருளை விளக்குவதற்குக் குழந்தையின் வாய் போதாது; நம் மணமுறையை அறிய வேண்டும். தாயின் உடன்பிறந்தவர், அத்தையின் கணவர், கணவனின் அல்லது மனைவியின் தந்தை ஆகிய மூவரையும் நாம் மாமன், மாமா, மாமனார் என்று ஒரே சொல்லால் குறிக்கிறோம். தாய்மாமன் மகளையோ அத்தை மகளையோ மணப்பது முறை என்று கொண்ட சமூகத்தில் இம்மூவரும் ஒருவராகவோ ஒரே இடத்தில் நிற்பவராகவோ அமைவதால், தனித்தனிச் சொல்லுக்குத் தேவை எழவில்லை. அக்காள் மகளை மணக்கும் வழக்கமுள்ள சமூகங்களில் கணவனே மாமனாகவும் இருப்பான். கிராமத்துப் பெண்கள் கணவனை ‘மாமா’ என்று அழைப்பது அதனால்தான். திருப்பாவையில் ஆண்டாள் உறங்கும் தோழியை ‘மாமான் மகளே மணிக்கதவம் தாள்திறவாய்’ என்று அழைத்து, அடுத்த அடியிலேயே அவள் தாயை ‘மாமீர் அவளை எழுப்பீரோ’ என்று வேண்டும்போது, இந்த உறவுமுறை முழுவதும் இரண்டே அடிகளில் நம் முன் நிற்கிறது.

இதற்கு உரைகல்லாக மூன்று மொழிகளை வைத்துப் பார்க்கலாம். இந்தியில் மாமா தாயின் உடன்பிறந்தவர் மட்டுமே. மாமனாருக்கு ‘சசுர்’ என்று வேறு சொல் உண்டு, ஏனெனில் வடக்கே பெரும்பாலான இந்துச் சமூகங்களில் மாமன் மகளை மணப்பது விலக்கு. சிங்களமோ இந்தியைப் போல இந்தோ-ஆரியக் குடும்பத்து மொழி. ஆயினும் அங்கே மாமா தாயின் உடன்பிறந்தவரும் ஆவார், மாமனாரும் ஆவார், ஏனெனில் சிங்களரின் உறவுமுறை நம்முடையதை ஒத்த முறைப்பெண் அமைப்பு. சொல்லின் பொருள் மொழிக்குடும்பத்தைப் பின்பற்றாமல் மணமுறையைப் பின்பற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சுவாகிலி இன்னொரு வகையில் வியப்பூட்டும். தாயின் தங்கையை அவர்கள் ‘மாமா ம்தோகோ’, சிறிய தாய், என்கிறார்கள். தந்தையின் அண்ணன் ‘பாபா ம்குப்வா’, பெரிய தந்தை. நம் சின்னம்மாவும் பெரியப்பாவும் அப்படியே அங்கே இருக்கிறார்கள்! ஆனால் தாயின் உடன்பிறந்த ஆணுக்கு அவர்கள் ‘ம்ஜோம்பா’ என்று முற்றிலும் வேறு சொல் வைத்திருக்கிறார்கள். அமைப்பு ஒத்திருக்கிறது, ஒலி ஒத்திருக்கவில்லை. ஜார்ஜியத்தில் ஒலி ஒத்திருக்கிறது, அமைப்பு ஒத்திருக்கவில்லை.

நம் சொல்லின் தோற்றத்தில் ஒரு முடிச்சு இன்னும் அவிழவில்லை. வடமொழியில் தாய்மாமனுக்குப் பழகிய சொல் ‘மாதுல’. அது தாயைக் குறிக்கும் ‘மாத்ரு’வோடு தொடர்புடையது. ‘மாம’ என்னும் வடிவம் இந்தோ-ஆரிய மொழிகளிலும் திராவிட மொழிகளிலும் பரவலாக இருக்கிறது. இது திராவிடத்திலிருந்து வடக்கே சென்றது என்பாரும், இரு பக்கமும் தனித்தனியே குழந்தைமொழியில் தோன்றியது என்பாரும் உண்டு. மாமனாரையும் மாமியையும் சேர்த்த முழு அமைப்பு தெற்கே வேரூன்றியிருப்பதால் முதற்கருத்தின் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனால் குழந்தைச் சொற்களில் திசையை நிறுவுவது மிகக் கடினம் என்பதால், இதை என் கருத்தாக மட்டும் கொள்ளுங்கள்.

குழந்தைச் சொற்களே ஒரு மொழியின் பழைய உறவுச்சொற்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் ‘யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்’ என்று வருகிறதல்லவா? யாய் என் தாய், ஞாய் உன் தாய், தாய் அவனுடைய அல்லது அவளுடைய தாய். எந்தை, நுந்தை, தந்தை என்பவையும் அப்படியே. பேசுபவர், கேட்பவர், பிறர் என்ற வேறுபாட்டைச் சொல்லின் முதலெழுத்திலேயே பதித்து வைத்திருந்த இந்த நுட்பமான அமைப்பு எந்தக் குழந்தையின் வாயிலும் பிறந்திருக்க முடியாது. தமிழின் தனித்தன்மையைத் தேடுபவர்கள் அம்மா, அப்பாவை விட்டுவிட்டு இங்கேதான் தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இணையத்தில் கொரிய மொழியின் ‘ஒம்மா’, ‘அப்பா’வை வைத்துத் தமிழ்-கொரிய உறவை நிறுவும் பட்டியல்களைப் பார்க்கும்போது இந்த ஆதங்கம் எனக்கு எழுகிறது. அவ்வுறவைத் தேடியவர்கள் முன்பும் இருந்தார்கள். கொரியாவில் பணியாற்றிய அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட் 1905இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் எழுதினார். மொழியியலாளர்கள் அதை ஏற்காததற்குக் காரணம் தமிழ்மீது அவர்களுக்குள்ள பாராமுகம் அன்று. முறையான ஒலித்தொடர்பு காட்டப்படவில்லை என்பதே.

முறையான ஒலித்தொடர்பு என்றால் என்ன என்பதைக் கன்னடத்தை வைத்துச் சொல்கிறேன். பால், பல், பத்து, பாம்பு என்னும் நம் சொற்களுக்கு அங்கே ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹாவு. ஒரு சொல்லில் மட்டுமன்றி, வரிசையாகச் சொல்லுக்குச் சொல் நம் பகரத்துக்கு அங்கே ஹகரம் நிற்கிறது. பாம்பும் ஹாவும் பார்வைக்கு ஒத்திருக்கவில்லை. ஆனால் அவையே உறவுக்கு உண்மையான சாட்சி. மாறாக, ஆஸ்திரேலியாவின் வடக்குக் குயின்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பபரம் மொழியை 1960களில் பதிவு செய்த டிக்சன் என்னும் அறிஞர், நாய்க்கு அம்மொழியில் ‘டாக்’ என்றே சொல்வதைக் கேட்டார். ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அண்டை மொழியான யிடிஞில் நாய் ‘குடகா’, டிர்பலில் ‘குடா’. குடகா என்பதன் முன்னசை உதிர்ந்து, ஈற்றுயிரும் மறைந்து, ஒழுங்கான மாற்றங்களின் வழியே அது ‘டாக்’ ஆயிற்று. ஆங்கிலச் சொல்லோடு அது ஒத்தது முற்றிலும் தற்செயல். ஒலியும் பொருளும் இரண்டுமே ஒத்தும் உறவில்லை என்னும்போது, ஒலி மட்டும் ஒத்த மாமாவை வைத்து என்ன நிறுவ முடியும்?

தங்கள் மகள் திபிலிசியில் தமிழோடு தொடர்புடைய ஒரு சொல்லைக் காண விரும்பினால், மளிகைக் கடைக்குச் செல்லட்டும். ஜார்ஜியத்தில் இஞ்சிக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘ஜன்ஜபிலி’. அரபியில் அது ‘ஸன்ஜபீல்’, கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் ‘சிங்கிவேர’. பாலிச் சொல்லின் பின்னே நிற்பது திராவிட மொழிகளின் இஞ்சியும் வேரும் என்பது அறிஞர் பலர் ஏற்றுக்கொண்ட முடிவு. முன்னிருந்த சகரம் தமிழில் உதிர்ந்துவிட்டது என்பார்கள். காதுக்குத் தமிழாகவே ஒலிக்காத அந்தச் சொல், வணிகர் கைகளில் ஒவ்வொரு துறைமுகமாக மாறி மாறி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.